யார் மேல் புகாரோ அவரிடமே கருத்து

நம் பெஹாலா தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு பேர் நகராட்சி வேலைக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள். இரண்டு பேரையுமே புகார்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு அனுதாபம்தான் முதலில் வருகிறது. உங்களுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம், இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். பரவாயில்லை, மெதுவாகப் படிக்க வேண்டிய சங்கதிதான்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுத்தராக வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கொல்கத்தாவை ஒட்டிய ஒரு நகராட்சியில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டினேன். நகராட்சியில் குப்பை கொட்டுவதற்குத் தனிப் பிரிவு உண்டு, நான் அதில் இல்லை. கடைசி ஒன்பது வருடம் புகார்ப் பிரிவில் அதிகாரியாக இருந்தேன். எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் வாங்குகிற மனிதன் நான்.

பயிற்சியில் உங்களுக்கு விதிமுறைப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். கவுன்சிலர் மேல் புகார் வந்தால் எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது, எத்தனை நாளில் ஒப்புகை கொடுப்பது எல்லாம் அதில் இருக்கும். அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாத வழக்கங்களைப் பற்றி.

முதல் வழக்கம் இது. கவுன்சிலர் மேல் புகார் வந்தவுடன் அதன் நகலை அந்தக் கவுன்சிலருக்கே அனுப்பிவிடுவோம். தலைப்பில் 'கருத்துரைக்காக' என்று ஒரு முத்திரை குத்துவோம். இரண்டு தரப்பையும் கேட்க வேண்டுமே என்பது இதற்குச் சொல்லும் நியாயம். அவரும் கருத்துரைப்பார்: "புகாரில் உண்மை இல்லை." கோப்பு முடிந்தது. என் ஒன்பது வருடத்தில் தவறை ஒப்புக்கொண்டு எழுதிய கவுன்சிலர் ஒரே ஒருவர்தான். குளத்தில் கட்டட இடிபாடு கொட்டியதற்கு வருந்துவதாகவும், ஒரு மாதத்தில் அள்ளிவிடுவதாகவும் எழுதியிருந்தார். எங்களுக்கு வந்திருந்ததோ ஒலிபெருக்கி பற்றிய புகார். அவசரத்தில் உறைக்குள் நகலை வைக்க மறந்து, வெறும் முகப்புக் கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தோம். அவராகவே ஊகித்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து எல்லாருக்கும் வெறும் உறையே அனுப்பலாமா என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது, மேலிடம் ஏற்கவில்லை.

இரண்டாவது வழக்கம் புகார்ப் படிவத்தின் ஐந்தாம் பத்தியில் இருந்தது. புகார் கொடுப்பவர் அந்த வார்டில்தான் வசிக்கிறார் என்பதற்கு வார்டு கவுன்சிலரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும். ஆம், அதே கவுன்சிலரிடம்தான். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்ற புகார்களுக்காக அச்சடித்த படிவம் அது. கவுன்சிலர் மேலேயே யாராவது புகார் கொடுப்பார்கள் என்று அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை. திருத்தலாமே என்று நான் ஒருமுறை குறிப்பு எழுதினேன். பழைய படிவங்கள் தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. இத்தனை நிபந்தனை போட்டால் யார் வந்து படிவம் வாங்குவார்கள்? அவை தீரவே இல்லை.

இதனால் எங்களுக்கு வந்து சேர்ந்த புகார்களின் தரத்தை நீங்களே ஊகிக்கலாம். கவுன்சிலர் தன் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கவில்லை என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு விசாரணை வைத்து, இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து வணக்கம் சொல்லச் செய்து, ரசகுல்லா கொடுத்து, புகைப்படம் எடுத்து, ஆண்டறிக்கையிலும் போட்டோம். அதுமாதிரிப் புகார் என்றால் எங்களுக்கு உயிர்.

இப்போது மினதியின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

துர்கா பூஜைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கணவர் காலமாகிவிட்டார். ஒரு சந்தில் இரண்டு அறை கொண்ட சிறிய வீடு சொந்தமாக இருந்தது. தெருவைப் பார்த்த முன்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திப் பிழைத்துவந்தார். மகள் ரூபாவுக்கு ஹவுராவில் ஒரு நர்ஸிங் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வாரத்துக்குள் வசிப்பிடச் சான்றைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கவுன்சிலர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பூஜைப் பந்தல் பிரித்த பிறகு மூங்கில்களைப் போட்டுவைக்க அவருடைய கிளப்புக்கு மினதியின் முன்னறை வேண்டுமாம். அறை கொடுத்தால் கையெழுத்து.

"கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்றாங்க சார்," என்றார் மினதி. "எதிர் வீட்டு மாஷிமா, அந்த வயசானம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. மூணு பூஜை போயிடுச்சு. இப்ப அந்த ரூம்ல கேரம் போர்டு இருக்கு, டிவி இருக்கு. மாஷிமாதான் இல்ல, பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க."

"புகாரை கவுண்டர்ல கொடுத்தீங்களா?"

"ரெண்டு தடவ கொடுத்தேன். கவுன்சிலர்கிட்ட சான்று வாங்கிட்டு வந்தாத்தான் எடுத்துப்போம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் சான்று கொடுக்கலங்கறதுதான் சார் என் புகாரே."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடனே பேனாவை எடுத்து, 'ஐந்தாம் பத்தியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது. பக்கத்து மேசையில் எங்கள் தலைமை எழுத்தர் இருந்தார். எல்லாரும் அவரைப் பொரோபாபு என்பார்கள். மனிதர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எந்தக் கோப்பையும் மூன்று வரியில் மூடிவிடும் வித்தை தெரிந்தவர் அவர்.

"மணிபாபு, கதவத் திறந்துட்டீங்க," என்றார். "உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. விலக்கு கொடுத்த உற்சாகத்தில் நகலின் மேல் 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டையும் ஒட்டி, கருத்துரைக்காக அனுப்பச் சொன்னேன். புகாரில் மினதியின் பெயர், வீட்டு விலாசம், கைபேசி எண் எல்லாம் இருந்தன. பெயரை மறைத்துச் சாரத்தை மட்டும் அனுப்ப விதியில் இடம் உண்டு. எனக்குத் தெரிந்து அந்த விதியை யாரும் தொட்டதில்லை, நானும் தொடவில்லை. எங்கள் அலுவலகத்தில் சாதாரணக் கடிதம் மாடியிலிருந்து கீழே போக நான்கு நாள் ஆகும். சிவப்புச் சீட்டின் மகிமை, மினதி வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே புகார் கவுன்சிலர் கைக்குப் போய்விட்டது.

அந்தக் கவுன்சிலரை வார்டே 'தாதா' என்று கூப்பிடும். வங்காளத்தில் அது அண்ணன். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மச்சினன் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பான். ஆனால் தாதா யாரையும் அடிக்க மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். மூன்றாம் நாள் அந்தச் சந்தின் பொதுக்குழாயில் 'பழுதுபார்ப்பு நடைபெறுகிறது' என்று ஒரு அட்டை தொங்கியது. குழாயில் பழுதும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை. பதினான்கு வீட்டுக்காரர்கள் குடத்தோடு அடுத்த சந்துக்கு நடந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, "மினதி தீதிகிட்ட கேளுங்க, அவங்கதான் மேல எழுதிப் போட்டிருக்காங்க, விசாரணை முடியட்டும்," என்று கிளப்பில் பதில் சொன்னார்கள். குழாயை மூடியவர் மேல் கோபப்படக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார், அவர் மேல் கோபப்பட ஒன்றும் வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் கவுன்சிலரின் கருத்துரை வந்தது. நல்ல தாளில், நல்ல வங்காளத்தில். முதல் பத்தியில், அப்படி ஒரு நபர் தன் வார்டில் வசிப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியில், அந்த நபர் தன் வார்டில் பல வருடங்களாக அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாக இருந்துவருகிறார் என்று எழுதியிருந்தார். பின்னால் பதினான்கு வீட்டுக் கையெழுத்து இணைப்பு.

"இதுல எந்தப் பத்தி உண்மைன்னு எடுத்துக்கறது?" என்று பொரோபாபுவிடம் கேட்டேன்.

"குழுவுக்கு எது வசதியோ அது," என்றார்.

கவுன்சிலர்களின் நடத்தையை விசாரிக்க எங்களிடம் ஒரு குழு இருந்தது. மூன்று பேரும் கவுன்சிலர்கள். அதில் ஒருவர் நம் தாதா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள். தன் மேல் வந்த புகார் எடுக்கப்படும்போது அந்த உறுப்பினர் மேசையை விட்டு எழுந்து, ஜன்னல் ஓரத்து சோபாவில் போய் உட்கார வேண்டும். அதுதான் நடுநிலை. தாதாவும் எழுந்து போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே தேநீருக்குச் சர்க்கரை கேட்டார்.

நான் விவரத்தைச் சொன்னேன். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மனுதாரர் அந்த வார்டுல வசிக்கறாங்கறதுக்கு அத்தாட்சி இருக்கா, மணிபாபு?"

"அத்தாட்சி கிடைக்கலங்கறதுதான் சார் மனுவே."

"அப்ப அத்தாட்சி இல்ல."

"இல்ல சார்."

"அத்தாட்சி இல்லாம மனுவ எப்படி எடுத்துக்கறது?"

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். எங்கள் குழு தலையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் காதிலேயே வந்து நின்றது. கவுன்சிலரின் இரண்டாம் பத்தியை நான் படித்துக் காட்டினேன். தலைவர் சோபாவைப் பார்த்தார், சோபா புன்னகைத்தது. மனுவைத் தள்ளுபடி செய்யவும் முடியவில்லை, ஏற்கவும் மனம் இல்லை. பூஜை விடுமுறைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். ரூபாவின் கடைசி நாளுக்கு அப்போது நான்கு நாள் இருந்தது. அதை நான் சொன்னேன். "பூஜை சமயம், எல்லாருக்கும் கஷ்டம்தான்," என்றார் தலைவர். தாதா மேசைக்குத் திரும்பிவந்து அடுத்த மனுவுக்கு நீதி வழங்க உட்கார்ந்தார்.

கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு ரூபா தனியாக அலுவலகத்துக்கு வந்தாள். புகாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் காகு என்றாள். காகு என்றால் சித்தப்பா.

"அம்மா ராத்திரி தூங்கறதில்ல, காகு. அடுத்த சந்துக்குப் போய் தண்ணி எடுத்துட்டு வராங்க, வழியில யாரும் பேசறதில்ல. எனக்கு இந்த சீட் வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அந்தப் பள்ளியின் படிவம். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. மூன்று வாரமாகப் புகாரைப் பத்துத் தடவை படித்தவன், என்ன சான்று, எந்தப் படிவம், காட்டுங்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புகார்ப் பிரிவில் புகாரைத்தான் படிப்போம். சும்மா கையை நீட்டி வாங்கிப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: வார்டு கவுன்சிலர், அல்லது நகராட்சியின் அதிகாரி ஒருவர்.

நான்தான் அந்த அதிகாரி. மினதி முதல்முறை என் முன்னால் வந்து நின்றபோது அரை நிமிடத்தில் போட்டிருக்கலாம். அந்தச் சந்தில் எந்தக் காகிதமானாலும் காலம்காலமாகக் கவுன்சிலரிடம் போய்த்தான் பழக்கம், அதனால் அவர்கள் அந்த 'அல்லது'க்குப் பிறகு படிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் படிப்பதற்கே சம்பளம் வாங்கிய எனக்கு என்ன வந்தது? புகார் என்று ஒருவர் வந்தால் முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். புகாருக்கு அப்புறம் போகலாம். இதை விதிமுறைப் புத்தகத்தின் அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பேனாவை எடுத்தேன். பொரோபாபு நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்தார்.

"புகார விசாரிக்கிற அதிகாரியே புகார் கொடுத்தவங்களுக்குச் சான்று கொடுத்தா, நாளைக்கு நீங்களே ஒரு ஃபைல். வீட்டப் போய்ப் பாத்தீங்களா? இல்ல. ஓய்வுக்கு எத்தன மாசம்?"

"ஏழு."

"அப்புறம் உங்க இஷ்டம்."

நான் எழுந்து கழிவறைக்குப் போனேன். வீரர்கள் எல்லாம் இந்த மாதிரி நேரத்தில் எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் அங்கேதான் போனேன். முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் படிவத்தை மறுபடி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போல. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். பள்ளி நாலு மணிக்கு மூடிவிடும். படித்துறைக்கு ஓடி அக்கரைக்கு, ஹவுராவுக்கு, படகைப் பிடித்து, மூன்றரைக்குப் பள்ளி ரசீதைப் படம் எடுத்து அனுப்பினாள். அன்று மாலை நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் எனக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பீர்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு என் மேல் புகார் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று.

நம் அலுவலகம் மந்தமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மேல் வந்த புகாருக்கு யாரும் ஐந்தாம் பத்தி கேட்கவில்லை. மதியத்துக்குள் விளக்கம் கேட்டுக் கடிதம். மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி நியமனம். நேரில் சரிபார்க்காமல் வசிப்பிடச் சான்று கொடுத்தேன் என்பது குற்றச்சாட்டு. வருடம் முழுக்க எந்த வீட்டையும் எட்டிப் பார்க்காமல் கட்டுக்கட்டாகச் சான்று கொடுக்கிற தாதாவுக்குத்தான் என் அலட்சியத்தில் அத்தனை மனவேதனை. அவருடைய புகாரின் முதல் வரியைப் பொரோபாபுதான் விரல் வைத்துக் காட்டினார். 'எனது வார்டில் நீண்ட காலமாக வசித்துவரும் மினதி என்பவருக்கு' என்று அது தொடங்கியது.

"பாருங்க," என்றார் பொரோபாபு, "அவரே சான்று கொடுத்துட்டாரு. கையெழுத்தோட. இத வெச்சே ரெண்டு ஃபைலையும் நீங்க ஜெயிச்சிடலாம். பூஜை முடிஞ்சு குழு கூடினதும் மேசையில போடுங்க."

நியாயமான பேச்சு. சான்று பொய் இல்லை என்பதற்கும், சான்று மறுத்தார் என்பதற்கும் அந்த ஒரு வரி போதும். நானும் அதை நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பூஜை விடுமுறை முழுக்க அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆனால் விசாரணை முடியாமல் ஓய்வுபெற்றால் ஓய்வூதியம் நிற்கும். நின்று போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஜெயிப்பது ஒரு பக்கம், எப்போது ஜெயிப்பது என்பது இன்னொரு பக்கம்.

விடுமுறை முடிந்த முதல் வாரம் குழுத் தலைவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். பூஜை வாழ்த்து, இனிப்பு, தேநீர்.

"ரெண்டு மனுவும் ஒண்ணத் தொட்டு ஒண்ணு நிக்குது, மணிபாபு. அந்தம்மா மனு போயிட்டா, உங்க மேல இருக்கறதுக்கும் காலு இல்ல. அவங்க வேலைதான் முடிஞ்சிடுச்சே, பொண்ணு சேந்தாச்சு. நீங்க சொன்னா கேப்பாங்க."

வெளியே வந்து பொரோபாபுவிடம் சொன்னேன். எப்போதும்போல மூன்று வரியில் முடித்துக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேணாம். நான் ஆயிரம் ஃபைல் மூடியிருக்கேன், மணிபாபு. எல்லாம் இந்த நாற்காலியில உக்காந்துதான். ஒருத்தர் வீட்டுக்குப் போயி மூடினதில்ல."

அன்றிரவு வாபஸ் கடிதத்தை நானே வங்காளத்தில் எழுதினேன். மனுதாரர் மனநிறைவோடு மனுவைத் திரும்பப் பெறுகிறார் என்று. என் மனைவி அடுக்களையிலிருந்து, "என்ன எழுதுதீய?" என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

மறுநாள் மினதியின் வீட்டுக்குப் போனேன். அந்த வசிப்பிடத்தை நான் நேரில் சரிபார்த்தது அன்றுதான். முன்னறையில் நான்கு தையல் மெஷின், ஆறேழு பெண்கள், தரையெல்லாம் துணித்துண்டு. அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார் மினதி. சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்து தட்டில் வைத்தார், அலுவலகத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட நான் அவருக்குக் கொடுத்ததில்லை. ரூபா விடுதியில் இருப்பதையும், வெள்ளைச் சீருடை தைத்துக் கொடுத்ததையும் சொன்னார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டே, அலுவலகத்தில் கொஞ்சம் நெருக்கடி, என் மேலும் ஒரு சிறிய விசாரணை, ஓய்வு பெறும் சமயம் என்று ஊரைச் சுற்றினேன். என் கை தானாகப் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும், சார்?"

கடிதத்தைக் கொடுத்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு கணம் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"புகார் அங்க இருக்கறதுனாலதான் அவங்க இந்தப் பக்கம் வரல. எடுத்துட்டா மூங்கில் வருமே, சார். அப்ப நான் என்ன செய்யறது?"

"அப்ப புதுசா ஒரு புகார் கொடுங்க," என்றேன் நான். "நான் இருக்கேன்ல."

உங்கள் புகார்ப் பிரிவின் ஒன்பது வருட அதிகாரி சொன்ன பதில் இது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மினதியின் மனு மனநிறைவோடு முடிந்தது. என் மேல் இருந்தது அதே வாரம் காலில்லாமல் விழுந்தது. பத்து நாளில் அந்தச் சந்தில் தண்ணீர் வந்தது, அதே நாளில் மூங்கிலும் வந்தது. முன்னறையைத் திறந்துகொடுக்கச் சொல்லி யாரும் அதட்டவில்லை. அண்டை வீட்டார் இரண்டு பேரே வந்து, அனுசரித்துப் போகலாமே, மறுபடி தண்ணீருக்கு அலைய வேண்டுமா என்று தன்மையாகக் கேட்டார்களாம். மினதி புதிதாகப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. நான் மீதி ஆறு மாதமும் நாற்காலியில்தான் இருந்தேன். மாலை போட்டு, சால்வை போர்த்தி, குறித்த நாளில் அனுப்பிவைத்தார்கள். சால்வை போர்த்தியவர் தாதா. கவுன்சிலர்களோடு இத்தனை இணக்கமாகப் போன அதிகாரியைத் தான் பார்த்ததில்லை என்று பேசினார். பொரோபாபு மட்டும் அன்று விடுப்பு.

போன குளிர்காலத்தில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் மினதியைப் பார்த்தேன். தையல் வகுப்பு இப்போது பக்கவாட்டுப் படிக்கட்டுக்குக் கீழே நடக்கிறது. இரண்டு மெஷின், மூன்று பெண்கள். மழை வந்தால் வகுப்பு இல்லையாம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ரூபா படிப்பை முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள் என்றார். பிறகு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த சார்தான். ஊரே பயந்து நின்னப்ப, எங்ககிட்ட எதுவுமே கேக்காம ரூபாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்."

அந்தப் பெண்கள் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கேட்காமல் எங்கே இருந்தேன், பிள்ளைகளே? ஐந்து வாரம் கழித்து, வீடு தேடிப் போய்க் கேட்டேன்.